பாடியவர்களுக்குப் பங்கில்லை: 1960களின் கேர்ள் குரூப் இசையும் அதன் ஒப்பந்தங்களும்

அமெரிக்க சோல் இசையின் கேர்ள் குரூப் காலத்தைப் பற்றி யாராவது கசப்போடு பேசத் தொடங்கினால், முதலில் வந்து நிற்பது 1962இல் தி கிரிஸ்டல்ஸ் குழு பாடிய ஒரு பாட்டுதான். காதலன் அடித்த அடி தனக்கு முத்தம்போல் இருந்தது என்று ஒரு பெண் சொல்வதாக அதன் தலைப்பே அமைந்திருக்கும். எழுதியவர்கள் ஜெர்ரி காஃபின், கரோல் கிங் தம்பதியர். அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா பாய்ட் (பின்னாளில் லிட்டில் ஈவா என்ற பெயரில் புகழ்பெற்றவர்) காதலனிடம் அடிபட்டு வந்ததையும், அதை அவன் அன்பின் அடையாளமாக அவர் விளக்கியதையும் கேட்டு எழுதியது. தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர். முன்குரல் பாடிய பார்பரா ஆல்ஸ்டன் உட்படக் குழுவினருக்கு அந்தப் பாட்டில் விருப்பமே இருக்கவில்லை. நேயர்கள் எதிர்த்தார்கள், வானொலிகள் தயங்கின, தட்டு பின்வாங்கப்பட்டது. தானும் அதில் பங்கெடுத்ததற்காக வருந்துவதாகக் கரோல் கிங் பல்லாண்டுகள் கழித்துச் சொன்னார். இந்த இசையின் இருண்ட பக்கத்துக்கு அடையாளமாக இந்தப் பாட்டைக் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே தவறு எல்லோர் காதிலும் விழுந்தது, எதிர்ப்பு வந்தது, எதிர்ப்பு வென்றும் விட்டது. அதே ஆண்டில், ஸ்பெக்டரின் அதே நிறுவனத்தில், அதே குழுவுக்கு இன்னொன்று நடந்தது. அதை எதிர்த்து ஒரு நேயரும் கடிதம் எழுதவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் அது காதில் விழும் வகையைச் சேர்ந்ததல்ல.

ஜீன் பிட்னி எழுதிய 'ஹீஸ் எ ரெபல்' என்ற பாட்டை வேறொரு நிறுவனமும் பதிவுசெய்யப் போகிறது என்று தெரிந்ததும் ஸ்பெக்டர் அவசரப்பட்டார். கிரிஸ்டல்ஸ் பெண்கள் நாட்டின் கிழக்குப் பக்கம் இருந்தார்கள். அவர் இருந்ததோ லாஸ் ஏஞ்சலிஸில். அங்கே கோல்ட் ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் தி பிளாஸம்ஸ் என்ற பின்னணிப் பாடகியர் குழுவை அழைத்து, டார்லீன் லவ்வின் முன்குரலில் பாட்டைப் பதிவுசெய்தார். தட்டில் அச்சான பெயர் தி கிரிஸ்டல்ஸ். 1962 நவம்பரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தங்கள் பெயரில் ஒரு புதுப்பாட்டு ஓடுகிறது என்பதை வானொலி வழியாக அறிந்த கிரிஸ்டல்ஸ், தாங்கள் பாடாத பாட்டை மேடையில் பாடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டார்லீன் லவ்வுக்குக் கிடைத்தது அந்த வேலைக்கான மொத்தக் கூலி. பெயரும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை. ஒரே தட்டில் இரண்டு தரப்புப் பெண்களும் இழந்தார்கள்: ஒரு தரப்பின் குரல் எடுக்கப்பட்டது, மறு தரப்பின் பெயர் எடுக்கப்பட்டது. இரண்டையும் எடுத்துச் சேர்க்கும் உரிமை காகிதத்தின்படி நிறுவனத்துக்கு இருந்தது. இந்தக் கட்டுரை வாதிட விரும்புவது இதைத்தான்: கேர்ள் குரூப் இசையின் இருள் பாடல் வரிகளிலோ ஒரு தயாரிப்பாளரின் குரூரத்திலோ தங்கியிருக்கவில்லை. பாடுவதை ஒரு படைப்பாகக் கருதாத சட்டத்திலும், பெண்களை மாற்றிப்போடக்கூடிய ஆட்களாகப் பார்த்த ஒப்பந்தத்திலும் அது இருந்தது. குரூரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், குரூரம் இல்லாதவர்களும் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இந்தக் குழுக்கள் எப்படிப்பட்டவை என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1957இல் ஹார்லெமைச் சேர்ந்த தி பாபெட்ஸ் தங்கள் முதல் வெற்றியைப் பாடியபோது அவர்கள் பள்ளிச் சிறுமியர். தி ஷிரெல்ஸ் நியூ ஜெர்சியின் பஸேயிக் ஊரில் பள்ளித்தோழியராகப் பாடத் தொடங்கியவர்கள். 1961இன் தொடக்கத்தில் 'வில் யூ லவ் மி டுமாரோ' முதலிடத்துக்கு வந்தபோது, பில்போர்டின் முதல் 100 பட்டியலில் அந்த இடத்தைப் பிடித்த முதல் கறுப்பினப் பெண்கள் குழு என்ற வரலாறும் அவர்களுடையதானது. தி மார்வலெட்ஸ் மிச்சிகனின் இங்க்ஸ்டர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தார்கள். தி சுப்ரீம்ஸ் டெட்ராய்டின் பிரூஸ்டர்-டக்ளஸ் அரசுக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். மோடவுன் நிறுவனத்தில் 1961இல் கையெழுத்திடும்போது இருபது வயதை எட்டாதவர்கள். பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள், சட்டப்படி வயதுக்கு வராதவர்கள், வழக்கறிஞரை வைத்துப் பேச வழியில்லாதவர்கள். நடிக்கும் குழந்தைகளின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பாதுகாக்கக் கலிஃபோர்னியாவில் 1939ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நியூயார்க்கிலும் டெட்ராய்டிலும் இசைத்தட்டு பாடிய சிறுமிகளுக்கு அது எட்டவில்லை.

சிறுமிகளுக்குச் சொந்தமாக எழுதும் திறமை இல்லை, அதனால்தான் பாட்டெழுத்தாளர்கள் தேவைப்பட்டார்கள் என்ற நினைப்பையும் இங்கேயே விலக்கி வைக்க வேண்டும். பாபெட்ஸின் 'மிஸ்டர் லீ' அவர்களே எழுதிய பாட்டு. தங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கிண்டல்செய்து எழுதியது. அட்லாண்டிக் நிறுவனம் அதை ஆசிரியர்மேல் மையல்கொண்ட மாணவியின் பாட்டாக மாற்றச் சொன்னது. மாற்றினார்கள், பாட்டு ஓடியது. 1960இல் அதே பெண்கள் 'ஐ ஷாட் மிஸ்டர் லீ' என்று அந்த ஆசிரியரைச் சுட்டுவிட்டதாகவே ஒரு பாட்டை வேறொரு நிறுவனத்தில் வெளியிட்டார்கள். கேர்ள் குரூப் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கல் அதுதான். மார்வலெட்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' மோடவுனுக்குக் கிடைத்த முதல் முதலிடப் பாட்டு. அதன் அடிப்படை வடிவத்தைத் திருத்தி எழுதியவர் குழுவின் முன்குரல் பாடகியாக இருந்த ஜார்ஜியா டாபின்ஸ். அவருடைய தந்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால், பாட்டு பதிவாகும் முன்பே அவர் குழுவை விட்டு விலக நேர்ந்தது. எழுதும் கைகள் இருந்தன. அவற்றுக்கு இடம் கொடுப்பதில் தொழிலுக்குப் பெரிய லாபம் இருக்கவில்லை.

ஏன் என்பதைப் பணத்தின் போக்கைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு பாட்டிலிருந்து வருமானம் வரும் வழிகள் இரண்டு வகை. பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை உண்டு; வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனித் தொகை உண்டு; வேறு யாராவது அதைத் திரும்பப் பாடினாலும் உண்டு. பாடியவருக்கு விற்பனையில் ஒரு சிறு சதவீத ராயல்டி மட்டும். அதுவும் கூடத்தின் வாடகை, வாத்தியக்காரர் கூலி என்று செலவுகளைக் கழித்த பிறகு, ஏதாவது மிஞ்சினால். அந்தக் கணக்கை எழுதுவது நிறுவனம். மேலும், ஒலிப்பதிவு என்ற பொருளுக்கே 1972 பிப்ரவரி வரை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. காகிதத்தில் உள்ள மெட்டுக்கும் சொல்லுக்கும்தான் உண்டு. இதனால் ஒரு தட்டின் பின்பக்கம்கூடப் பேரத்துக்குரிய இடமானது. ஒரு தட்டு விற்றால் முன்பக்கப் பாட்டை எழுதியவருக்கு எவ்வளவோ, பின்பக்கத்தை எழுதியவருக்கும் அவ்வளவு. தி ரோனெட்ஸின் 'பி மை பேபி' தட்டைத் திருப்பிப் போட்டால் கேட்பது, கூடத்தில் வாசித்த இரண்டு கிடார் கலைஞர்களின் பெயர்களையே தலைப்பாக வைத்த ஒரு வெறும் வாத்திய இசை. அந்தப் பக்கத்தில் ரோனெட்ஸின் குரலே கிடையாது. வானொலிக்காரர் தவறிப்போய்ப் பின்பக்கத்தை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக ஸ்பெக்டர் செய்த உபாயம் என்று இதை ரசனையோடு சொல்வார்கள். குழுவுக்கு இன்னொரு பாட்டைப் பாடும் வாய்ப்பு பல தட்டுகளில் இப்படிப் போனது என்பதை அந்த ரசனை கவனிப்பதில்லை.

ரோனெட்ஸின் வழக்கு இந்த அமைப்பு முழுவதையும் ஒரே ஆவணத்தில் காட்டுகிறது. ரோனி பென்னெட், அவர் அக்கா எஸ்டெல், உறவுக்காரப் பெண் நெட்ரா டாலி ஆகிய மூவரும் 1963இல் ஸ்பெக்டரின் ஃபிலிஸ் ரெக்கார்ட்ஸோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டே 'பி மை பேபி' இரண்டாம் இடத்தைப் பிடித்தது. நீதிமன்றப் பதிவின்படி, மூவருக்கும் சேர்த்து முன்பணமாகக் கிடைத்தது ஏறத்தாழ 15,000 டாலர். அதற்குப் பிறகு ராயல்டி என்று எதுவும் வரவில்லை. 1987இல் வெளியான 'டர்ட்டி டான்ஸிங்' திரைப்படம் அந்தப் பாட்டோடு தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றது. அக்காலத்தில்தான் மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணை நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் தரச் சொன்னது. 2002இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதிக்கான அடிப்படையைத் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தம் மூலப் பதிவுகளின் முழு உரிமையையும் நிபந்தனையின்றி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது, படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பாட்டைக் கொடுப்பதில் பாடகியருக்கும் பங்குண்டு என்று எழுதப்படவில்லை, எழுதப்படாததால் பங்கில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். தட்டு விற்பனைக்கான ராயல்டி மட்டும் அவர்களுக்கு உண்டு என்று நிலைநிறுத்தப்பட்டது. பாடகியரின் நிலை இரக்கத்துக்குரியதே என்றாலும், ஒப்பந்தத்துக்குப் பொருள்கொள்கிறோம் என்ற பெயரில் இரக்கத்தின்படி தீர்ப்பளிக்க முடியாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது. சட்டத்தின் நோக்கில் இதைக் குறைசொல்வது கடினம். 1963இல் கையெழுத்திட்ட பெண்கள், 1987இல் வரப்போகும் ஒரு திரைப்படத்தை முன்கூட்டியே எண்ணி ஒரு வரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

ரோனியின் மணவாழ்க்கையை இங்கே விட்டுவிட முடியாது. ஆனால் அதை வழக்கமாக வைக்கும் இடத்தில் நான் வைக்கப் போவதில்லை. 1968இல் அவர் ஸ்பெக்டரை மணந்தார். பூட்டிய வீடு, முள்கம்பி வேலி, நாய்கள், ஓடிவிடாதபடி மறைக்கப்பட்ட காலணிகள் என்று 1990இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1972இல் வெறுங்காலோடு அங்கிருந்து தப்பினார். அந்த ஆண்டுகளில் அவர் பாடுவதும் ஏறக்குறைய நின்றுபோனது. ஸ்பெக்டர் 2003இல் நடிகை லானா கிளார்க்சனைக் கொன்ற குற்றத்துக்காக 2009இல் தண்டனை பெற்று, 2021இல் சிறைக் காவலிலேயே இறந்தார். இந்த வரலாறு அவ்வளவு கொடுமையானது என்பதாலேயே மற்ற எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது. கேர்ள் குரூப் உலகின் தீமை முழுவதும் ஒரு துப்பாக்கிப் பைத்தியத்தின் மாளிகைக்குள் அடைபட்டிருந்ததாகவும், அவன் தண்டிக்கப்பட்டதோடு கணக்கு தீர்ந்ததாகவும் நினைக்கத் தோன்றுகிறது. ஸ்பெக்டர் ஒரு விதிவிலக்கு, அவரை வைத்து ஒரு தொழிலையே எடைபோடக் கூடாது என்பது இந்த வாதத்துக்கு எதிராக எழும் முதல் மறுப்பு. நியாயமான மறுப்புதான். அதற்குப் பதில் சொல்ல அவரைவிட மிகவும் வேறுபட்ட இரண்டு முதலாளிகளைப் பார்க்க வேண்டும்.

ஃப்ளாரன்ஸ் கிரீன்பெர்க் நியூ ஜெர்சியில் குடும்பத்தலைவியாக இருந்தவர். மகளின் பள்ளித்தோழியர் பாடுவதைக் கேட்டு ஒரு நிறுவனமே தொடங்கினார். பிறகு ஸெப்டர் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். ஆண்களே நடத்திய தொழிலில் ஒரு பெண் நிறுவனம் நடத்தியது சாதாரணச் செய்தி அல்ல. ஷிரெல்ஸ் பெண்கள் அவரைத் தாயைப்போல் நம்பினார்கள். அவர்களுடைய வருமானம் ஓர் அறக்கட்டளைக் கணக்கில் சேர்த்துவைக்கப்படுகிறது, 21 வயதானதும் கைக்கு வரும் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகவும், வயது வந்தபோது அப்படி ஒரு கணக்கே இருக்கவில்லை என்றும் அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். நிறுவனத்தை விட்டு விலகப் பார்த்தபோது இரு தரப்பும் மாறிமாறி வழக்குத் தொடுத்து, சில ஆண்டுகளில் சமரசம் ஆனது. அதற்குள் குழுவின் உச்சக்காலம் போய்விட்டது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. முதலாளி பெண், தாயைப்போல் பழகியவர். முடிவு மட்டும் ஏறக்குறைய அதேதான்.

மோடவுன் கதை இன்னும் நுட்பமானது. பெர்ரி கோர்டி கறுப்பின முதலாளி. கறுப்பினக் கலைஞர்களின் தட்டு அட்டையில் அவர்கள் முகத்தைக்கூடப் போடத் தயங்கிய காலத்தில் (மார்வலெட்ஸின் முதல் தொகுப்பின் அட்டையில் இருப்பது ஒரு தபால்பெட்டி) அவர் தன் பாடகியரை வெள்ளையரின் மிக உயர்ந்த விடுதி மேடைகளுக்குக் கொண்டு சேர்த்தார். மாக்ஸின் பவல் நடை உடை பாவனை கற்றுக்கொடுத்தார், சோலி அட்கின்ஸ் ஆட்டம் கற்றுக்கொடுத்தார். 1962இல் மோடவுன் குழுவின் பேருந்து அலபாமாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளான காலத்தில் அந்தப் பயிற்சிக்கு ஒரு தற்காப்பு அர்த்தமும் இருந்தது. அதை வெறும் ஒப்பனை என்று எள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே நிறுவனம் தட்டு வெளியீட்டாளராகவும், தன் கிளை நிறுவனங்கள் வழியாகப் பாட்டுப் பதிப்பாளராகவும், கலைஞரின் மேலாளராகவும் ஒரே சமயத்தில் இருந்தது. மேலாளரின் வேலை நிறுவனத்திடம் கலைஞருக்காகப் பேரம் பேசுவது. இங்கே பேரத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஆள். குழுவின் பெயரும் நிறுவனத்துக்கே சொந்தம்.

ஃப்ளாரன்ஸ் பல்லார்டின் வாழ்க்கையில் இதன் பொருள் தெளிவாகிறது. டெட்ராய்டில் குழுவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர். சுப்ரீம்ஸ் என்ற பெயரை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தவரும் அவரே. முன்குரல் டயானா ராஸிடம் குவியக் குவிய அவர் குடிக்கவும் நிகழ்ச்சிகளைத் தவறவிடவும் தொடங்கினார். 1967இல் நீக்கப்பட்டு, அவர் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் வந்தார்; குழுவின் பெயரும் 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' ஆனது. பல்லார்டுக்கு ஏறத்தாழ 1,40,000 டாலர் தீர்வுத்தொகை கிடைத்தது. தனியாகப் பாடும்போது தான் சுப்ரீம்ஸ் குழுவில் இருந்தவர் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் சேர்ந்திருந்தது. தானே தேர்ந்தெடுத்த பெயரைத் தன் கடந்தகாலமாகச் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லாமல் போனது. அவர் தனியாகப் பாடிய தட்டுகள் ஓடவில்லை. 1971இல் 87 லட்சம் டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது, வீடு போனது, அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்தார். 1976 பிப்ரவரியில் 32 வயதில் இறந்தார். அவருடைய வீழ்ச்சியில் குடிக்கும் மன உளைச்சலுக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் தலையில் கட்டுவது வரலாறு ஆகாது என்று யாரும் சொல்லலாம். சரிதான். ஒரு மனிதர் தடுமாறுவதை எந்த ஒப்பந்தத்தாலும் தடுக்க முடியாது. தடுமாறியவருக்குத் திரும்பி எழ ஒரு கைப்பிடி மிஞ்சுமா என்பதை ஒப்பந்தம் முடிவுசெய்கிறது. பாட்டு எழுதியிருந்தால் எழுத்து ராயல்டி வந்துகொண்டிருந்திருக்கும். பெயர் சொந்தமாக இருந்திருந்தால் மேடை கிடைத்திருக்கும். அவரிடம் இரண்டும் இல்லை.

குரலையும் பெயரையும் பிரிக்கும் பழக்கமும் மோடவுனில் வேரூன்றி இருந்தது. 1968இன் 'லவ் சைல்ட்' தட்டில் டயானா ராஸுக்குப் பின்னால் கேட்பது மேரி வில்சனோ சிண்டி பேர்ட்சாங்கோ அல்ல. தி ஆண்டான்டிஸ் என்ற நிறுவனப் பின்னணிப் பாடகியர். ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவேன் டெம்ப்ஸ் ஆகிய அந்த மூவர் மோடவுனின் எண்ணற்ற தட்டுகளில் பாடியிருக்கிறார்கள். உறையில் பெயர் கிடையாது. எந்தப் பெண்ணின் இடத்திலும் எந்தப் பெண்ணையும் வைக்கலாம் என்பதற்கு ஒப்பந்தம் அனுமதி கொடுத்தது. இந்த வழக்கத்தின் கடைசி விளைவு பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. நிறுவனம் விட்டுவிட்ட அல்லது விற்றுவிட்ட குழுப் பெயர்களை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் வாங்கி, அந்தக் காலத்தில் பிறந்தேயிராத பெண்களை மார்வலெட்ஸ் என்று மேடையேற்றினார்கள். 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டின் முன்குரலான கிளாடிஸ் ஹார்ட்டன் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் போராடினார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அந்தக் காலத்தில் ஆண்களும்தானே ஏமாற்றப்பட்டார்கள்? பெண்களுக்கு மட்டும் நடந்ததுபோல் ஏன் பேச வேண்டும்? ஆண்களும் ஏமாற்றப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. சிறுவனாகப் புகழ்பெற்ற ஃபிராங்கி லைமனின் முடிவு பல்லார்டின் முடிவைவிட அவலமானது. இனமும் வர்க்கமும் எல்லாக் கறுப்பினக் கலைஞர்களையும் ஒரே கண்ணியில் சிக்கவைத்தன. ஆனால் கண்ணியிலிருந்து வெளியேறும் வாசல்கள் இருபாலாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. மோடவுனின் தி மிரகிள்ஸ் குழுவில் பாடிய ஸ்மோக்கி ராபின்சன் பாட்டெழுத்தாளர், தயாரிப்பாளர், பிறகு அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர். கேர்ள் குரூப் பாடகிகளில் அப்படி ஒருவரைக் காட்ட முடியாது. பெண்கள் பாட்டெழுதவில்லையா என்றால் எழுதினார்கள்: கரோல் கிங், எல்லி கிரீன்விச், சிந்தியா வைல். நியூயார்க் பிராட்வே அலுவலகங்களில் அமர்ந்து எழுதிய வெள்ளையினப் பெண்கள் அவர்கள். பாலின வாசல் கொஞ்சம் திறந்தபோதும் இன வாசல் மூடியே இருந்தது. இதோடு ஒரு தொழில்முறை ஊகமும் சேர்ந்துகொண்டது: இந்தப் பெண்கள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் திருமணம் செய்துகொண்டு போய்விடுவார்கள். போகிறவர்களுக்கு எதற்கு நீண்டகாலப் பங்கு? பாட்டுகள் திருமணக் கனவை விற்றன. கணக்குப் பிரிவு அதே கனவைக் காரணமாக வைத்துப் பாடியவர்களைத் தற்காலிக ஆட்களாக நடத்தியது.

நிறுவனங்களின் தரப்பையும் கேட்டாக வேண்டும். பெரும்பாலான தட்டுகள் நட்டத்தில்தான் முடிந்தன. ஒரு வெற்றியின் லாபம் பல தோல்விகளின் செலவை ஈடுகட்டியாக வேண்டும். கோல்ட் ஸ்டாரில் ஜாக் நிட்ஸ்கியின் இசைக்கோவையும் ஹால் பிளேனின் டிரம்ஸும் இல்லாமல் 'பி மை பேபி' இல்லை. பெண்கள் தாங்களாகவே கையெழுத்திட்டார்கள். இதில் முதல் பகுதி உண்மை, முதல் சில ஆண்டுகளுக்கு. முதலீட்டின் அபாயம் 1965இலேயே ஈடாகிவிட்ட ஒரு பாட்டு 1987இல் திரைப்படத்துக்கு விற்கப்படும்போது அந்த அபாயத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. கூட்டு முயற்சி என்ற வாதமோ என் பக்கமே சாய்கிறது. அந்தப் பெரும் ஓசைக்கு நடுவே ரோனியின் குரல் துண்டாகத் தெரிகிறது என்றால், அதிர்வும் ஏக்கமும் எங்கே வர வேண்டும் என்று தெரிந்து பாடிய தேர்ச்சியே அதற்குக் காரணம். கூட்டு முயற்சி என்று ஒப்புக்கொண்டால் கூட்டாளிக்குப் பங்கு வேண்டும். பாடியவருக்குப் பங்கு மறுக்க வேண்டுமானால், அது தேர்ச்சி அல்ல, வயதுப்பெண்ணின் இயல்பான ஏக்கம், தயாரிப்பாளர் அதை வெறுமனே பிடித்து அடைத்தார் என்று சொல்லியாக வேண்டும். அப்படித்தான் சொன்னார்கள், விமர்சகர்கள் உட்பட.

இங்கேதான் இந்த இசையை நேசிப்பவர்களின் மறுப்பை நான் மதிக்கிறேன். பண்பாட்டு ஆய்வாளர் சூசன் டக்ளஸ் 1994இல் எழுதிய நூலில், ஷிரெல்ஸின் பாட்டு ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் தங்கள் உடல் விருப்பத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேச ஒரு மொழி கொடுத்தது என்று வாதிட்டார். ஜாக்குலின் வார்விக் 2007இல் இந்த இசையைப் பெண்பருவத்தின் தனி உலகமாக ஆராய்ந்து, கூட்டுக்குரல்களின் கேள்வி பதிலில் தோழமையைக் கண்டார். இவ்வளவு மகிழ்ச்சி கொடுத்த பாட்டுகளைச் சுரண்டலின் சான்றாகக் குறுக்கலாமா? குறுக்கக் கூடாது. நான் எதிர்க்கும் வாசிப்பு வேறு. ரோனியின் மணவாழ்க்கை தெரிந்தபின் 'பி மை பேபி'யில் ஓர் அபாய எச்சரிக்கையைக் கேட்பது, பல்லார்டின் முடிவு தெரிந்தபின் சுப்ரீம்ஸின் மெட்டுகளில் துயரத்தைத் தேடுவது இன்று பரவலாக உள்ளது. அந்தப் பாட்டுகளை அவர்கள் எழுதவில்லை. பாட்டைப் பாடியவரின் ஒப்புதல் வாக்குமூலமாக மாற்றும்போது, அவர்கள் செய்தது வேலை, கற்றுத் தேர்ந்த வேலை என்பது மறுபடியும் மறைந்துபோகிறது. 1960களின் நிறுவனம் குரலை இயற்கை என்று சொல்லிக் கூலியைக் குறைத்தது. இன்றைய ரசிகர் குரலைக் காயம் என்று சொல்லி அதே தேர்ச்சியைக் கவனிக்காமல் விடுகிறார். ஒலிக்கூடங்களில் வாய்ப்பு வற்றிய காலத்தில் டார்லீன் லவ் வீடுகளைச் சுத்தம்செய்யும் வேலைக்குப் போனார். அப்படியொரு வீட்டில் தான் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு வானொலியில் ஒலிக்கக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டில் சோகத்தைத் தேடத் தேவையில்லை. அது ஒலித்ததற்கு ஏன் அவருக்கு ஒரு காசும் வரவில்லை என்று கேட்டால் போதும்.

சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் பாடியவர்களே போராடிப் பெற்றவை. அசல் உறுப்பினர் ஒருவராவது இல்லாமல் பழைய குழுப் பெயரில் மேடையேறுவதைத் தடுக்கும் சட்டத்துக்காக மேரி வில்சன் மாநிலம் மாநிலமாகச் சென்று பேசினார். 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றன. நியூ ஆர்லியன்ஸின் தி டிக்ஸி கப்ஸ், 'ஐகோ ஐகோ' பாட்டின் எழுத்துரிமைக்காகத் தங்கள் பழைய மேலாளரோடு மோதி 2002இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வென்றார்கள். 2018இன் இசை நவீனமயமாக்கல் சட்டம் 1972க்கு முந்தைய பதிவுகளுக்கும் இணைய வானொலி வழியாகப் பாடியவர்களுக்குப் பணம் வர வழிசெய்தது.

சாதாரண வானொலிக்கு மட்டும் இன்னும் விலக்கு உண்டு. உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு மாறாக, அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குத்தான் பணம் கட்டுகின்றன. பாடியவருக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதை மாற்றும் மசோதா 2021இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. வானொலி முதலாளிகளின் சங்கம் சொல்லும் காரணம், தாங்கள் பாட்டை ஒலிபரப்புவது பாடகருக்கு இலவச விளம்பரம் என்பது. 1963இல், புதுத் தட்டு ஒன்று கடைக்கு வந்த வாரத்தில், அந்த வாதத்துக்கு ஓரளவு பொருள் இருந்திருக்கலாம். எஸ்டெல் பென்னெட் 2009இலும் ரோனி 2022இலும் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய குரலை வைத்து இன்றும் விளம்பர நேரம் விற்கும் நிலையங்கள், எந்தத் தட்டுக்கு யாருக்காக விளம்பரம் செய்கின்றன என்பதை அந்தச் சங்கம் இதுவரை விளக்கவில்லை.